மேம்பாலத்தடியில் ஒன்றேகால் மணி நேரம்

அவருக்கு 'சேட்டிலைட்' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று கேட்டால், அவர் வேலை பார்க்கும் கடையில் இருக்கும் அத்தனை பேரும் நான்தான் நான்தான் என்று கை தூக்குவார்கள். லாரி, பஸ், ஆம்புலன்ஸ், பள்ளி வேன் என்று சக்கரம் வைத்த எதற்கும் ஜிபிஎஸ் கருவி மாட்டுவது அவர் தொழில். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று முதலாளிக்குக் காட்டிக்கொடுக்கும் டப்பா அது. டிரைவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. மாட்டுகிற ஆளைக் கண்டால் அதைவிட ஆகாது. சேட்டிலைட்டுக்கும் யாரைக் கண்டாலும் ஆகாது என்பதால் கணக்கு நேராகிவிடும்.

மனிதருக்குக் கோபம் மூக்கின் மேல். "நேத்து ஒரே மேகமூட்டம் சார், அதான் சிக்னல் வரல" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

"மேகம் பாவம், அத விடுங்க. கண்ணாடில வெயிலுக்குன்னு பளபளன்னு ஒண்ணு ஒட்டி வச்சிருக்கீங்களே, அதுல உலோகம் கலந்திருக்கு. மொதல்ல அதக் கிழிங்க. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல இருந்து வர்ற சிக்னல் சார். கீழ வந்து சேரும்போது அதுக்கு உசுரே இருக்காது. வெறும் கண்ணாடின்னா உள்ள வரும், பிளாஸ்டிக்குன்னா வரும். தகரத்தக் கண்டா அப்படியே திரும்பிப் போயிடும்."

காலையில் வண்டியை எடுத்ததும் இடம் காட்டவில்லை என்று வருகிறவர்களுக்கு வேறு பாட்டு. "எடுத்த உடனே பறந்தா எப்படி? வானம் தெரியற எடமாப் பாத்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க. நாலு சேட்டிலைட்டாவது அது கண்ணுல படணும். நீங்க தூங்கி எழுந்தா மூஞ்சி கழுவ நேரம் வேணாமா?" வாடிக்கையாளர்கள் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள், மறுபடியும் அவரிடமே வருவார்கள். அவர் மாட்டிய டப்பா பேசாமல் போனதில்லை. கடைக்கார முதலாளியே அவரிடம் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்.

இப்படி ஊரில் ஓடும் வண்டியையெல்லாம் கண்காணிக்க வழி செய்த மனுஷன், ஐந்து வருடமாகப் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சொல்லவும் இல்லை.

ஒரே மகன். பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் வந்து, "எனக்கு இது வேணாம்ப்பா, நான் லாரி ஓட்டப் போறேன்" என்றான். லாரி டிரைவர்களின் வாழ்க்கை சேட்டிலைட்டுக்கு அத்துபடி. மாதத்தில் நாலு நாள் வீடு, மீதி நாள் ரோடு. பிள்ளைக்கு முதல் பல் விழுந்ததை போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஜாதி. அந்தப் பயத்தைப் பயமாகவே சொல்லியிருந்தால் பையன் கேட்டிருப்பானோ என்னவோ. அவருக்கு எல்லாமே கோபமாகத்தான் வெளியே வரும். தெருவே கேட்கும்படி கத்தினார். "போறதுன்னா போ. திரும்பி என் வாசப்படிய மிதிக்காத!" பையன் மிதிக்கவில்லை. அவனும் அவர் மகன்தானே, வீம்பில் குறை இருக்குமா?

மூன்று வருடம் முன்பு ஒரு நாள், சரக்கு லாரிக் கம்பெனி ஒன்றின் வேலை கடைக்கு வந்தது. வண்டிகளின் பட்டியலில் ஒவ்வொரு வண்டிக்கு நேராகவும் டிரைவர் பெயர் போட்டிருந்தது. நாற்பத்தேழாம் வண்டிக்கு நேரே மகன் பெயர். ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேறு ஊர் டிப்போ. டப்பாவை மாட்டியதும் அந்த ஊரில் யாரோ. ஆனால் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க சேட்டிலைட்டின் போனில் கம்பெனி ஆப் இருந்தது. அன்று சாயங்காலம் கடைப் பாத்ரூமில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நாற்பத்தேழைத் தட்டினார். வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே யாரோ கதவைத் தட்டி, "சேட்டிலைட் சார், உள்ள சிக்னல் கெடைக்கலையா?" என்று கிண்டல் செய்யும்வரை நின்றார்.

அதன்பிறகு அந்தப் புள்ளிதான் பிள்ளை. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. அவன் எந்த ஊரில் டீக்கு நிற்பான், எத்தனை மணிக்கு வண்டியை ஓரங்கட்டித் தூங்குவான், எந்த இறக்கத்தில் வேகம் கூட்டுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "எழுபத்தெட்டுல போறான் பாரு, கழுத" என்று புள்ளியைத் திட்டுவார். மனைவி அந்தப் பக்கம் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்கட்டும் என்று அவரும் இருந்துவிட்டார். அதில் என்ன பெருமையோ!

ஒரே ஒரு சங்கடம். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை அவன் வண்டி இவர்கள் ஊர் பைபாஸ் வழியாகப் போகும். காலை பதினோரு மணி வாக்கில் மேம்பாலத்தடிக்கு வந்ததும் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். அதே இடத்தில் ஒன்றேகால் மணி நேரம் செத்துக் கிடக்கும். பிறகு அங்கேயே உயிர் வந்து, மேலே போகும். காங்கிரீட்டுக்கு அடியில் யாருக்கும் சிக்னல் அறுந்து போகும், அது சரி. ஆனால் பாலத்தடியில் ஒன்றேகால் மணி நேரம் ஒரு வண்டி என்ன செய்யும்? அவன் வீட்டுக்கு அவ்வளவு கிட்டே வருவதே அந்த நேரத்தில்தான். அந்த நேரம் பார்த்துத்தான் அவன் காணாமல் போகிறான். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். அவருக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

கம்பெனியும் அதைக் கவனித்துவிட்டது. கண்ட்ரோல் ரூம் சூப்பர்வைசர் ஒரு நாள் போன் செய்தார். அவன் இவருடைய மகன் என்பது அவருக்குத் தெரியாது.

"சேட்டிலைட் சார், நாப்பத்தேழு மேல எனக்கு சந்தேகமா இருக்கு. எஞ்சின் ஓடுது, எடம் மட்டும் தெரிய மாட்டேங்குது. குளிர்சாதன வண்டி, நின்னாலும் எஞ்சின் ஓடும்தான், ஒத்துக்கறேன். ஆனா உள்ள இருக்கறது மருந்துப் பெட்டி. நடுவுல எங்கயோ கொண்டுபோய் எறக்கி விக்கிறான்னு நெனைக்கிறேன். இந்த மாசத்தோட அனுப்பிடலாமான்னு பாக்கறோம்."

சேட்டிலைட் குரலைக் கெட்டியாக வைத்துக்கொண்டார். "டிரைவரச் சொல்றதுக்கு முன்னாடி டப்பாவப் பாக்கணும் சார். எந்த மடையன் மாட்டினானோ. நானே போய்ப் பாக்கறேன்."

வேறு ஊர் டிப்போவுக்குக் கடையிலிருந்து யாரும் போவதில்லை. அங்கேயே ஆள் இருக்கிறது. "ஒங்களுக்கென்ன இதுல இவ்வளவு அக்கறை?" என்று முதலாளி கேட்டதற்கு, "தொழில் சார், தொழில்!" என்று எரிந்து விழுந்துவிட்டு பஸ் ஏறினார். நாற்பத்தேழு டிப்போவில் நிற்கும் நாள், டிரைவருக்கு ஓய்வு நாள். அதைப் பார்த்துத்தான் தேதி குறித்தார். மகனைச் சந்திக்கக் கூடாது என்று குறித்தவர், எதற்கும் இருக்கட்டும் என்று வழியெல்லாம் தலை வாரிக்கொண்டே போனார்.

அவன் அங்கே இல்லை. வண்டி இருந்தது.

கேபினில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கால் பெடலுக்குச் சரியாக எட்டவில்லை. பையன் தன்னைவிட உயரமாகிவிட்டானா என்று யோசித்தார். பின்னால் படுக்கைப் பலகையில் பெட்ஷீட் சுருண்டு கிடந்தது. கொக்கியில் ஒரு சட்டை. சீப்பில் இரண்டு முடி. அவர் சட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். டீசலும் வியர்வையும் சோப்பும் கலந்த வாசனை. வெட்கம் கெட்ட மனுஷன், ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு வேலையில் இறங்கினார். டப்பா டாஷ்போர்டின் மேல் ஓரமாக ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு டப்பாவின் எவர்சில்வர் மூடி. அந்த மூடியைக் கவிழ்த்தால் ஜிபிஎஸ் டப்பா அளவெடுத்தது மாதிரி உள்ளே அடங்கும். வேறு எந்த டிரைவரின் வண்டியிலாவது இதைப் பார்த்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று குதித்திருப்பார். வெள்ளித்தாள் சுற்றுகிறவனையும் டம்ளர் கவிழ்க்கிறவனையும் எத்தனை பேரை அவர் மாட்டிவிட்டிருக்கிறார்! ஆனால் இது அவர் மகன். அவர் மகன் திருட்டுத்தனம் செய்வானா? மாட்டான். சாப்பிட்டுவிட்டு மூடியை அங்கே போட்டிருக்கிறான், எடுத்து வைக்கத் தெரியாத கழுதை. அவ்வளவுதான். மூடியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அவன் கை பட்ட பொருள் ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்றுதான்.

காரணம் வேறு எங்கோ இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவருக்குக் காரணமா கிடைக்காது? கண்ணாடியின் மேல்பாதியில் வெயில் தாள் ஒட்டியிருந்தது, கிழித்தார். போன் சார்ஜரின் வயர் டப்பாவை உரசிக்கொண்டு போனது. அதனாலும் சிக்னல் கெடும், தள்ளிக் கட்டினார். உள்ளே இருந்த ஆன்டெனா போதாது என்று புதிதாக ஒன்றைக் கேபின் கூரைமேல், முழு வானமும் பார்க்க, படுக்கை வசத்தில் பொருத்தினார். வயரை மடங்காமல், நசுங்காமல் ரப்பர் ஓரத்துக்குள் இழுத்தார். டப்பாவையே சீல் வைத்து உள்ளே பூட்டினார். இனி பாலத்துக்கு வெளியே ஒரு அடி வந்தாலும் பிடித்துவிடும். ஸ்டார்ட் செய்து பார்த்தார். பன்னிரண்டு சேட்டிலைட். தன் வாழ்நாளில் இவ்வளவு அழகாக எதையும் மாட்டியதில்லை என்று நினைத்துக்கொண்டார். இறங்கும் முன் கேபினைப் பெருக்கி, பெட்ஷீட்டை மடித்து வைத்தார்.

'கோளாறு கருவியில். ஓட்டுநர் மேல் தவறில்லை' என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார். மகன் வேலை தப்பியது. திரும்பும் பஸ்ஸில் சேட்டிலைட் பக்கத்து சீட்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நடையில் புள்ளி மேம்பாலத்தடிக்கு வந்தது. பாலத்தை ஒட்டி, வானம் தெரியும் டீக்கடைப் பக்கம் பதினைந்து நிமிடம்தான் நின்றது; டீக்குக் கம்பெனி கொடுக்கிற நேரம். பிறகு பச்சையாகவே நகர்ந்து ஊரைத் தாண்டிப் போனது. ஒரு வினாடி கூட அறுபடவில்லை. சேட்டிலைட் கடையில் எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டு, அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பின் மேல் இரண்டு ஆளுக்கான சமையல், தொடாமல் ஆறிக் கிடந்தது. "ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் போனைச் சார்ஜில் போடப் பையைக் கவிழ்த்தார். எவர்சில்வர் மூடி உருண்டு அவள் காலடியில் விழுந்தது.

அவள் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"எது? அது... கடைல..."

"பொய் சொல்லாதீங்க. இது என் டப்பா மூடி. இந்த ஓரத்துல நெளிஞ்சிருக்கு பாருங்க, நான் கீழ போட்டது. இதுல நான் யாருக்குச் சோறு கட்டிக் குடுத்தேன்னு தெரியுமா?"

அவள் அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே கொட்டினாள். மூன்று வருடமாக மகன் வருகிறான். பாலத்தடியில் அந்த டப்பாவின் மேல் மூடியைக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோடவுன் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு வருவான். நாற்பது நிமிடம் இருப்பான். சாப்பிடுவான், திரும்பப் போய்ப் பாலத்தடியில் மூடியை எடுப்பான். நேற்று போன் செய்து, இனிமேல் வர முடியாதும்மா, யாரோ வந்து கூரைமேல் ஆன்டெனா மாட்டி, டப்பாவைப் பூட்டிவிட்டார்கள் என்றானாம். எதற்கும் இருக்கட்டும் என்று சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாளாம்.

"நீங்கதானா அந்த யாரோ?"

சேட்டிலைட் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவன் காணாமல் போய்விட்டான் என்று தான் சோறு இறங்காமல் தவித்த அத்தனை நாளும், அவன் தன் வீட்டில், தன் அடுப்பங்கரையில், தன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அந்த வழியைத்தான் ஏழு மணி நேரம் பஸ்ஸில் போய், வெயில் தாளைக் கிழித்து, வயரை ஒதுக்கிக் கட்டி, பார்த்துப் பார்த்து அடைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"எங்க உக்காருவான்?" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான்."

"இளைச்சிருக்கானா?"

"மீச வச்சிருக்கான். உங்கள மாதிரியே கேவலமா இருக்கு."

"என்னப் பத்திக் கேப்பானா?"

"மாத்திரை போடறாரான்னு கேப்பான். வேற என்ன கேப்பான்? லீவுல ஒரு நாள் முழுசா வந்து இருடான்னு கெஞ்சுவேன். அப்பா இருப்பாரேம்மான்னு சொல்லிடுவான்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இன்னிவரைக்கும் அவன் முன்வாசல் பக்கம் வந்ததில்ல. வாசப்படிய மிதிக்காதன்னு நீங்க சொன்னீங்களாம், அதனால பின்பக்கமா வருவான். அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவான்."

அடுத்த நடை பதினோரு நாள் கழித்து. சேட்டிலைட் கடைக்கு லீவு போட்டார். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, மேம்பாலத்தடிக்கு பைக்கை ஓட்டினார். டீக்கடைப் பெஞ்சில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தான் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். தன்னைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் போய்விடுவானோ என்று பயம். போனில் புள்ளி வந்துகொண்டே இருந்தது. பிறகு லாரியே வந்துவிட்டது. அப்புறம் போனை யார் பார்த்தார்கள்!

அவன் இறங்கி அம்மாவிடம் வந்தான். நின்றபடியே சாப்பிட்டான். நாலு வாய் சாப்பிட்டதும், தூணைப் பார்த்து, "பைக் நம்பர் எனக்குத் தெரியும்ப்பா. வாங்க" என்றான்.

சேட்டிலைட் வந்தார். மீசை கேவலமாக இல்லை, நன்றாகத்தான் இருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. "ஆன்டெனா மேல ஒண்ணும் வச்சுக் கட்டாத. ஈரத் துணி கூடக் காயப் போடாத" என்றார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரிப்பா. நல்லா மாட்டியிருக்கீங்க, ஒரு நிமிஷம் கூடக் கட் ஆகல. பெட்ஷீட் மடிச்சு வச்சிருந்ததப் பாத்தப்பவே எனக்கு நீங்கதான்னு தெரிஞ்சிடுச்சு." அவன் மணி பார்த்தான். "இன்னும் மூணு நிமிஷத்துல கண்ட்ரோல் ரூம்ல இருந்து போன் வந்துடும்."

மூன்று நிமிடம். ஐந்து வருடத்துக்கு மூன்று நிமிடம்! தான் மாட்டிய டப்பாதான் அந்த மூன்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு அதைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"லீவு என்னிக்குடா?"

"ஞாயித்துக்கெழம." பிறகு, குத்தலே இல்லாமல், சாதாரணமாகக் கேட்டான். "அன்னிக்கு நீங்க வீட்ல இருப்பீங்களேப்பா?"

பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா அது? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருப்பேன்டா. இருக்கேன்னுதான் வரச் சொல்றேன்."

அவன் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே சேட்டிலைட் குளித்துவிட்டார். போனை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தேழு டிப்போவில் நின்றது. பச்சைப் புள்ளி, பன்னிரண்டு சேட்டிலைட். லாரி எங்கே இருக்கிறது என்று அடி பிசகாமல் தெரிந்தது. மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அறையில் தூங்குகிறானா, பஸ் ஏறிவிட்டானா, ஏறிப் பாதியில் இறங்கிவிட்டானா? எல்லா அப்பன்மார்களும் இப்படித்தானே காத்திருக்கிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது ஒன்றும் உதவவில்லை.

ஸ்டூலைப் பின்வாசலுக்குத் தூக்கிப்போட்டு, கோடவுன் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். பத்தாயிற்று. பதினொன்று ஆயிற்று. ரோட்டில் ஒரு நாய் போனது, அதே நாய் திரும்பி வந்தது. "பஸ் லேட்டா இருக்கும்" என்றாள் மனைவி. "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

பன்னிரண்டரைக்கு முன்வாசல் மணி அடித்தது.

"தண்ணி கேன் போடறவனா இருக்கும், போய்ப் பாரு" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் போனாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க," என்று அவள் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. "இங்க வாங்க. வாசல்லயே நிக்கறான். நீங்க கூப்பிட்டாத்தான் படி ஏறுவானாம்."

சேட்டிலைட் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. முன்வாசலுக்குப் போய்ச் சேரும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. அடுப்பங்கரையிலிருந்தே, தெரு முழுவதும் கேட்கும்படி கத்தினார்: "வாடா! உள்ள வாடா!"